இரண்டாவது பிலிம்

பிப்ரவரி 3

கடல் தாண்டிப் போய் ஊரார் எலும்பையெல்லாம் படம் பிடிக்கும் என் வீட்டம்மாவுக்கு,

நானும் உன் மகளும் உயிரோடு, முழுசாக இருக்கிறோம். “முழுசாவா?” என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. நீ அந்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறைக்கு வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னும் சமையலறையில் எதையாவது போட்டு உடைத்தால் உன் குரல்தான் எனக்கு முதலில் கேட்கிறது.

கண்ணாடிக் கடையில் வேலை நெட்டி முறிக்கிறது. ஒரு பெரிய அலுவலகத்தின் மாடிப்படிக்குக் கைப்பிடிக் கண்ணாடி முழுவதும் நம்மிடம் கொடுத்திருக்கிறார்கள். வாலு எட்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்குகிறாள். சாயங்காலம் தெருவில் ஆட்டம் போடுவதை விட்டுவிட்டாள். புத்தகமும் கையுமாக இருக்கிறாள். நீ கேட்டால் சந்தோஷப்படுவாய்.

ஒரு சின்ன விஷயம். கொஞ்ச நாளாக எனக்கு இடது கணுக்கால் சரியில்லை. சமதரையில் நடக்கும்போதே உள்பக்கமாக மடங்கிவிடுகிறது. உங்கள் எலும்பு டாக்டரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுச் சொல். அவசரமில்லை. ஆனால் சீக்கிரம் எழுது.

உன் வீட்டுக்காரன்

பிப்ரவரி 17

என்னங்க,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூங்குகிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு இரண்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அவசரமில்லை என்கிறீர்கள். சீக்கிரம் எழுது என்கிறீர்கள். இரண்டில் எது உண்மை? கண்ணாடி கிழித்துக் கையில் ஆறு தையல் போட்டபோதுகூட, “ஒண்ணுமில்லடி, சும்மா கீறல்” என்று சொல்லிவிட்டு மறுநாளே கடைக்குப் போன மனிதர் நீங்கள். கால் மடங்குகிறது என்று கடல் தாண்டிக் கடிதம் போடுகிறீர்களா? எனக்கு மூக்கில் வியர்க்கிறது.

சரி, கேட்டதற்குப் பதில். டாக்டரிடம் கேட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே, “கால் மடங்குறது தனி நோய் இல்லம்மா. பழைய சுளுக்கோட மிச்சம். முதல்ல எப்ப பிசகுச்சுன்னு கேளுங்க” என்றார். முதல் சுளுக்கைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால் எலும்பைக் கட்டிவைத்திருக்கும் நார் தளர்ந்துவிடும். அப்புறம் எலும்பும் எலும்பும் தாறுமாறாக உரசும். நாளாக ஆக எலும்பே மாறிப்போகும்.

ஆகவே எழுதுங்கள். முதலில் எப்போது பிசகியது? வாரத்துக்கு எத்தனை தடவை மடங்குகிறது? படி ஏறும்போதா, இறங்கும்போதா? போன் செய்யாதீர்கள். அந்த மூலைக்கடைப் போனில், “கேக்கலடி, கேக்கலடி” என்று கத்திவிட்டு நீங்கள் வைத்துவிடுவீர்கள். எழுத்தில் என்றால் தப்பிக்க முடியாது.

வாலு ஏன் நாலு வரி எழுதவில்லை? போன மாதமும் எழுதவில்லை. அவளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி

மார்ச் 5

விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

குற்றவாளி சௌக்கியம். மூன்று வேளையும் சாப்பிடுகிறான். அதிகாரியும் வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறான்.

முதலில் எப்போது பிசகியது என்று எனக்கு எங்கே நினைவிருக்கிறது? போன வருஷமாக இருக்கலாம். வாரத்தில் நாலு தடவை மடங்குகிறது. பெரும்பாலும் இறங்கும்போது. வலது கால் என்பதால் சைக்கிளை நிறுத்தி ஊன்றும்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. மற்றபடி வேலைக்குத் தொந்தரவில்லை. நேற்றுகூட ஆளுயர அலமாரிக் கண்ணாடி ஒன்றை மூன்று மாடி தூக்கிப் போய் மாட்டிவிட்டு வந்தேன்.

மாடி வீட்டு டீச்சர் ஒரு எலும்பு டாக்டரைச் சொன்னார். வாலுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறாரே, அவர்தான். அவரே கூடவும் வந்தார். டாக்டர் பாதத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு, “ரொம்பத்தான் ஆடுது” என்றார். எக்ஸ்ரேயில் எலும்பில் ஒன்றும் தெரியவில்லையாம். அடுத்து என்ன செய்யலாம், நீ சொல்.

உன் வீட்டுக்காரன்

அம்மா, நான் நன்றாகப் படிக்கிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். வாலு.

மார்ச் 18

என்னங்க,

எனக்கு ஜலதோஷம் வந்து போய்விட்டது. அதைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பிப்ரவரியில் இடது கால். மார்ச்சில் வலது கால். நடுவில் ஒரு மாதத்தில் கால் மாறிவிட்டதா? வாரத்தில் நாலு தடவை மடங்குகிற காலோடு ஆளுயரக் கண்ணாடியை மூன்று மாடி தூக்கினீர்களா? யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள்? நான் எலும்பு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள்.

அந்த டீச்சர் எதற்குக் கூட வந்தார்? நாற்பத்தைந்து வயது மனிதருக்கு டாக்டர் வீட்டுக்குத் துணை வேண்டுமா? என்ன நடக்கிறது அங்கே? தப்பாக எதுவும் சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

இனிமேல் வாய்ப்பேச்சு வேண்டாம். சி.டி. ஸ்கேன் எடுங்கள். எக்ஸ்ரே ஒரே படம். அதில் ஒரு எலும்பின் மேல் இன்னொன்று விழுந்து மறைத்துவிடும். ஸ்கேன் அப்படியில்லை. ரொட்டியைத் துண்டு துண்டாக நறுக்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது போல. எங்கே பிய்ந்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் கெட்டிப்பட்டிருக்கிறது, எல்லாம் தெரிந்துவிடும். இரண்டு காலையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். நல்ல காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கெட்டுப்போனது எவ்வளவு என்று தெரியும். பிலிமைத் தபாலில் அனுப்புங்கள். உங்களால் பொய் சொல்ல முடியும். எலும்பால் முடியாது.

வாலுக்கு என் முத்தம். இரண்டு வரி எனக்குப் போதாது என்று சொல்லுங்கள்.

உங்கள் மனைவி

ஏப்ரல் 27

அன்புள்ள உனக்கு,

சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

ஸ்கேன் எடுத்தாயிற்று. பிலிம் இதோடு வைத்திருக்கிறேன். இங்கே டாக்டர் ஆபரேஷன் செய்தால் நல்லது என்கிறார். நார் இழுத்துக் கட்ட வேண்டுமாம். விட்டால் மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடுமாம். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் பெரிய டாக்டர் செய் என்றால் செய்கிறோம். வேண்டாம் என்றால் விடுகிறோம்.

அவரிடம் காட்டு. என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். முதலில் காட்டு.

உன் வீட்டுக்காரன்

மே 9

என்னங்க,

என் நலம் இருக்கட்டும். பிலிமைப் பற்றிப் பேசுவோம்.

அறை ஜன்னலில் வைத்துத்தான் பார்த்தேன். இருபது கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் பெயரும் வயதும் வெள்ளை எழுத்தில் இருக்க வேண்டும். எதிலும் இல்லை. மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்து பிலிமைச் சாய்த்தேன். மூலைக்கு மூலை பளபளவென்று கறுப்பு மார்க்கர். இருபது கட்டத்திலும் கோடு தாண்டாமல், சிந்தாமல், அப்படியொரு அக்கறை. கடையில் கண்ணாடி மேஜைக்குக் கீழே விளக்கு வைத்திருக்கிறீர்களே, அதன் மேல் பிலிமைப் போட்டு அழித்திருப்பீர்கள். கறுப்பு பிலிமில் கறுப்பு மை தெரியாது என்று யார் சொன்னது?

பெயர் உங்களுடையது என்றால் எதற்கு அழிக்க வேண்டும்?

பக்கத்தில் சென்டிமீட்டர் கோடு இருக்கும். அதை அழிக்க மறந்துவிட்டீர்கள். அளந்து பார்த்தேன். இந்தக் கணுக்காலின் அகலம் ஆறு சென்டிமீட்டர்கூட இல்லை. உங்களுடையது ஏழரை. கடையில் கண்ணாடிச் சட்டம் காலில் விழுந்து நீங்கள் நொண்டியபோது எக்ஸ்ரே எடுத்தவள் நான்தான், ஞாபகம் இருக்கிறதா?

இது ஒரு பெண்ணின் கால்.

யார் அது? கூடவே டாக்டரிடம் வந்தாரே, அவரா? அவருக்குக் கால் வலி என்றால் அவருடைய பெயரில் எழுதுவதற்கு என்ன? எனக்கு எதற்கு இந்த வேஷம்? பதினாறு வருஷம் குடித்தனம் நடத்திய மனிதர், இன்னொருத்தியின் காலைத் தன் கால் என்று எனக்கு அனுப்புகிறார். டாக்டரிடம் நான் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். “யாரோட கால்?” என்று அவர் கேட்டால் நான் என்ன முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன்?

பிலிமின் கீழ் ஓரத்தில் இரண்டில் ஒன்று என்று போட்டிருக்கிறது. இரண்டாவது எங்கே? அதை அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

வாலு இதைப் படிக்க வேண்டாம்.

உங்கள் மனைவி

மே 21

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ நலமா? உன் ஜலதோஷம் திரும்ப வரவில்லையே?

நீ அப்பாவுக்கு எழுதியதைப் படித்துவிட்டேன். படிக்க வேண்டாம் என்று கடைசி வரியில்தானே எழுதியிருந்தாய், அதற்குள் எல்லாம் படித்தாகிவிட்டது. அப்பா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பதில் எழுத உட்காருகிறார், ஒரு வரி எழுதுகிறார், கிழித்துப் போடுகிறார். நேற்றுக் கடையில் அளவு தப்பாக வெட்டிவிட்டாராம். அவருக்கு ஒரு நாளும் அளவு தப்பாது.

டீச்சரை ஒன்றும் சொல்லாதே. அவருக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறது. மாடிப்படியில் ஓடித்தான் இறங்குவார். அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. உனக்கே தெரியும்.

இரண்டாவது பிலிமை அப்பா அலமாரி மேல் ஒளித்து வைத்திருந்தார். “இதை மட்டும் அம்மா பார்க்கக் கூடாது” என்றார். ஏன் என்று சொல்லவில்லை. நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் பிலிமில் இருந்த அதே எலும்புதான். நீட்டுவாக்கில் வெட்டி எடுத்திருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. பயப்படுகிற மாதிரி எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதனால் அப்பாவுக்குத் தெரியாமல் உனக்கு அனுப்புகிறேன். இதைப் பார்த்தால் பொம்பளைக் கால் இல்லை என்று உனக்கே புரிந்துவிடும். அப்புறம் அப்பாவைத் திட்டாதே.

வாலு

ஜூன் 2

என் வாலுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? இந்த முறை “நன்றாகப் படிக்கிறேன்” என்று பதில் எழுதாதே. நான் உன் உடம்பைக் கேட்கிறேன்.

இரண்டாவது பிலிம் கிடைத்தது. இதை ஜன்னலில் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் எங்கள் அறையிலேயே விளக்குப் பெட்டியில் மாட்டினேன். மாட்டிய கை மாட்டியபடி நின்றுவிட்டது.

நீ சொன்னது சரி. அது பொம்பளைக் கால் இல்லை. எலும்பின் நுனிக்குக் கொஞ்சம் மேலே, குறுக்கே மெல்லியதாக ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது, பார்த்தாயா? உனக்கு அது ஒன்றுமே இல்லை. எனக்கு அது பிறந்த தேதி மாதிரி. வளர்கிற பிள்ளைகளின் எலும்பில்தான் அந்தக் கோடு இருக்கும். வளர்ந்து முடிந்ததும் மூடிவிடும். உங்கள் டாக்டர் அப்பாவிடம் அதைக் காட்டியிருப்பார். அதனால்தான் ஒளித்து வைத்தார். உனக்குச் சொல்லவில்லை, நீ அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்து எடுத்து அனுப்பிவிட்டாய்.

அது உன் கால்.

இரண்டு பிலிமிலும் பெயரை மார்க்கரால் அழித்தது நீதானே? அப்பாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது என்பது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். அந்த டீச்சரை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்! என் புத்தியை என்ன சொல்ல? ஆனால் ஒன்று. நான் நம்பியிருந்தால், நாற்பத்தைந்து வயதுக்காரர் என்று சொல்லிப் பெரிய டாக்டரிடம் காட்டியிருப்பேன். அவரும் அந்த வயதுக்கு உரியதைச் சொல்லியிருப்பார். அதைக் கொண்டுபோய் உன் காலில் செய்திருப்பீர்கள். பொய் சொல்லிக் கேட்கிற விஷயமா இது?

இன்னொன்றும் பார்த்தேன். இடது காலில் வெளிப்பக்கக் கணு எலும்பின் நுனியில் அரிசி அளவு ஒரு துண்டு தனியாக நிற்கிறது. பிள்ளைகளுக்குக் கால் பலமாகப் பிசகினால், நார் அறுவதற்குப் பதிலாக அது பிடித்திருக்கும் எலும்பையே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இப்போது உன் நார் பிடித்துக்கொண்டிருப்பது அந்த அரிசியைத்தான். அதனால்தான் கால் நிற்க மாட்டேன் என்கிறது. உள்பக்கம் எலும்பு வெளுத்துக் கெட்டிப்பட்டிருக்கிறது. பல மாதமாக நீ அந்தப் பக்கமே பாரத்தைப் போட்டு நடக்கிறாய்.

புதிதாகப் பிய்ந்த துண்டு என்றால் ஓரம் கூராக இருக்கும். இது மழுங்கி உருண்டிருக்கிறது. அப்படி ஆக, ஏப்ரலில் ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் பத்து மாதமாவது போயிருக்க வேண்டும். இன்னும் நாலு நாள் போனால் நான் இங்கே வந்து ஒரு வருஷம். அப்படியானால் எப்போது பிசகியது? எங்கே விழுந்தாய்? யார் பார்த்தார்கள்? ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை? அப்பாவை நான் அப்புறம் கேட்டுக்கொள்கிறேன். நீ எழுது. ஒன்றையும் விடாமல் எழுது.

அம்மா

ஜூன் 15

அம்மாவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உடம்பில் கால் மட்டும்தான் சரியில்லை. நீயும் சரியாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். யார் பார்த்தார்கள் என்று கேட்டிருக்கிறாய். நீதான் பார்த்தாய்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள். ஹாலில் உன் பெட்டிகள் திறந்து கிடந்தன. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வாசல்படியில் இரண்டு படியைச் சேர்த்துத் தாண்டினேன். கால் மடங்கி அதன் மேலேயே விழுந்தேன். டப்பென்று சத்தம் கேட்டது. அது படியின் சத்தமோ என் காலின் சத்தமோ, எனக்குத் தெரியாது. நான் அழுதேன். நீ வந்து ஒரு துணியை நனைத்துச் சுற்றினாய். அப்புறம் என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? “நாடகம் போடாதே. நீ காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா அம்மா போகாம இருந்துடுவேன்னு நினைச்சியா? எழுந்து நட” என்றாய்.

நான் எழுந்து நடந்தேன். மறுநாள் உன் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் நடந்தேன். நொண்டினால் மறுபடியும் நாடகம் என்பாயே என்று நொண்டாமல் நடந்தேன். அப்பா பஸ்ஸில் இடம் பிடிக்க முன்னால் போய்விட்டார், அவருக்கு ஒன்றும் தெரியாது.

அதற்கு முன்னால் நீ போகக் கூடாது என்று நான் காய்ச்சல் வந்த மாதிரி படுத்திருக்கிறேன். உன் சர்ட்டிபிகேட் பையை ஒளித்து வைத்திருக்கிறேன். அதெல்லாம் பொய்தான். இது பொய் இல்லை.

அப்புறம் அடிக்கடி மடங்க ஆரம்பித்தது. ஜனவரியில் தெருவில் விழுந்தபோதுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. உடனே உனக்கு எழுதப் போனார். எழுதினால் டாக்டரிடம் வரவே மாட்டேன் என்றேன். என் கால் என்றால் நீ நம்பமாட்டாய். உன்னைத் திரும்ப வரவைக்க நடிக்கிறேன் என்பாய். அப்பாவின் கால் என்றால் நம்புவாய் என்று நினைத்தேன். நீ அவரையும் நம்பவில்லை.

டீச்சரைக் கூட வரச்சொன்னது நான். அப்பாவோடு தனியாகப் போக எனக்குப் பயமாக இருந்தது. டாக்டர் கேட்டால் அப்பா அழுதுவிடுவார் போல இருந்தார்.

வாலு

என் பங்குக்கு இரண்டு வரி. அவள் மேலே எழுதியதைப் படிக்க எனக்கு அனுமதி இல்லை. அப்பாவுக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்கிறதாம், அது அம்மாவுக்கு மட்டுமாம். நான் கடிதம் முழுக்கப் பொய் எழுதினேன், ஒப்புக்கொள்கிறேன். இடம் வலம்கூட எனக்குச் சரியாக வரவில்லை. திட்டு. ஆனால் டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதிவிட்டுத் திட்டு. உன் வீட்டுக்காரன்.

ஜூன் 27

என் கண்ணுக்கு,

நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய்யாகப் போய்விடும், விட்டுவிடுகிறேன். உன் கடிதம் வந்த அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த பத்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது. போன கடிதத்தில் ஒரு வருஷக் கணக்குப் போட்டுவிட்டு, “எங்கே விழுந்தாய்” என்று கேட்டேனே, அப்போதே இருந்தது. நீ வேறு ஏதாவது ஒரு நாளைச் சொல்லமாட்டாயா என்றுதான் கேட்டேன்.

உன்னிடம் ஒன்றும் மறைக்கப் போவதில்லை. துணி சுற்றும்போது என் உள்ளங்கைக்கு வீக்கம் தெரிந்தது. நுனியைத் தொட்டபோது நீ துள்ளினாய். பொய் சொல்கிற பிள்ளை அந்த இடத்தில் சரியாகத் துள்ளாது. எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டால் மறுநாள் என்னால் கிளம்ப முடியாது. நாடகம் போட்டது நீ இல்லை, நான். சந்தேகப்படுவது எனக்குப் பழக்கம் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு நான் சந்தேகப்படவே இல்லை. சந்தேகப்படுகிற மாதிரி பேசினேன், அவ்வளவுதான்.

இரண்டு பிலிமையும் உன் பெயர், உன் வயது சொல்லி டாக்டரிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். “அப்பவே ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தா ஒட்டியிருக்கும்” என்றார். எனக்கும் தெரியும் என்றேன். இப்போதைக்கு உடனே ஆபரேஷன் வேண்டாமாம். மூன்று மாதம் காலைப் பிடித்துக்கொள்கிற பட்டையும் பயிற்சியும் பார்க்கலாம். அதற்கும் நிற்கவில்லை என்றால் அந்தத் துண்டை எடுத்துவிட்டு நாரை எலும்போடு சேர்த்துத் தைக்க வேண்டும். எது செய்தாலும் வளர்கிற கோட்டில் துளை போடக் கூடாது. இதையெல்லாம் தனிக் காகிதத்தில் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன், அப்பா அங்கே காட்டட்டும். அப்பாவிடம் நீ விரும்பினால் எல்லாவற்றையும் சொல். நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்கிறேன்.

ஆமாம், வருகிறேன். லீவு கேட்டேன். கிடையாது என்றார்கள். அப்படியானால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுந்தேன். உட்காரச் சொல்லி ஆறு வாரம் கொடுத்தார்கள். ஜூலை கடைசியில் கிளம்புகிறேன். அதுவரை படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். வலித்தால் நொண்டு. எத்தனை பேர் பார்த்தாலும் நொண்டு.

டீச்சரிடம் நான் கேட்டதாகச் சொல். மற்றதை நேரில் சொல்லிக்கொள்கிறேன். அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருக்கிறது. எதற்கு என்று அவருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.

அம்மா

ஜூலை 9

அம்மாவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நலம் என்று எழுதச் சொன்னார் அப்பா. அவர் நலம். கடையில் மறுபடியும் அளவு தப்பாமல் வெட்டுகிறார். எனக்குப் புதன்கிழமை ஒரு தடவை மடங்கியது. பட்டை வாங்கிவிட்டோம். அது பழைய செருப்புக்குள் நுழையவில்லை, வேறு செருப்பு வாங்கியிருக்கிறோம்.

உன் மேல் கோபம் இல்லை என்றும் எழுதச் சொன்னார். இருக்கிறது. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கையில் வீக்கம் தெரிந்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடம் வரும்போது ஒவ்வொரு தடவையும் கோபம் கூடுகிறது. நீ தெரியாமல் சொல்லிவிட்டாய் என்றுதான் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்துத்தான் சமாதானமாக இருந்தேன். நீ உண்மையைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றியது. மறுநாள், சொன்னதுதான் நல்லது என்று தோன்றியது. இன்றைக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. நீயே சொல்.

டிக்கெட் எடுத்ததும் அதை நகல் எடுத்து அனுப்பு. ஜூலை கடைசி என்று நீ எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு நான் நாள் எண்ண ஆரம்பிக்க மாட்டேன். நகல் வந்த பிறகுதான் எண்ணுவேன்.

நீ வரும் அன்றைக்கு பஸ் வரைக்கும் வருகிறேன். நொண்டித்தான் வருவேன். அழாதே, என்னிடம் ஒன்றும் கேட்காதே, அப்பாவிடமும் அப்புறம் பேசிக்கொள். அங்கேயே எங்கேயாவது உட்கார்ந்து முதலில் என் காலைப் பார்.

வாலு